அயல்வீட்டாரின் அன்பைப் பார்த்து வந்த விசுவாசம் உண்மையானதுதானா?

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கும் சகோதரி சொன்னதை முதலில் என் சொற்களில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு நகரத்தார் வீட்டின் மருமகள். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பக்கவாதத்தில் படுத்த மாமியாரை ஒன்றரை ஆண்டு காலம் ஏறக்குறையத் தனியாகவே பார்த்துக்கொண்டார். பின்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு கிறிஸ்தவப் பெண், யாரும் அழைக்காமலேயே அந்த வீட்டுக்கு வரத் தொடங்கினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பைப் புரட்டிவிட வேண்டும் என்பதையும், குதிகால் மெத்தையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்கு அடியில் பழைய சேலையைச் சுருட்டி வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கடைசி இரவில் ஆச்சி தேவாரம் கேட்க வேண்டும் என்றபோது, தமக்குப் பாடத் தெரியாது என்று தம் கைப்பேசியில் தேடி எடுத்துப் போட்டுவிட்டு, அது முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒருநாள்கூட மதம் பேசவில்லை, கோயிலுக்கு வா என்று கூப்பிடவும் இல்லை. மாமியார் காலமான பிறகு இந்தச் சகோதரி தாமாகவே நற்செய்தி நூல்களை வாங்கிப் படிக்கத் தொடங்கி, இப்போது இரவில் இயேசுவிடம் செபிக்கும் நிலைக்கு வந்திருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ, அன்பு காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற செய்தி நாள் தவறாமல் வருகிறது. ஆகவே அவர் கேட்பது இது: எனக்குள் வந்திருப்பது விசுவாசமா, அல்லது நன்றியுணர்ச்சியை நான் விசுவாசம் என்று நினைத்துக்கொள்கிறேனா? நகரத்தார் வீடுகளில் நடக்கும் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கலாமா, கணவரிடம் எப்போது சொல்வது, சட்டப்படி ஏதாவது சிக்கல் வருமா என்ற மற்றக் கேள்விகளும் இதிலிருந்து கிளைப்பவைதாம்.

நான் கத்தோலிக்கன். தேவகோட்டைப் பக்கத்தில் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது வந்தபின் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற விரும்புகிறவர்களுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் பணியை நெடுங்காலம் பங்கில், அதாவது எங்கள் ஊர்த் திருச்சபையில், செய்துவந்தவன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். முகம் பார்த்திராத ஒருவருடைய மனத்துக்குள் இருப்பது என்னவென்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது, எந்தக் குருவாலும் முடியாது. எதை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

நன்றியுணர்ச்சி என்பதை விசுவாசத்தைவிடத் தாழ்ந்த ஒன்றாக நீங்கள் எண்ணுவது போலத் தெரிகிறது. அப்படி எண்ண வேண்டியதில்லை. லூக்கா நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர்கள் குணமாகிறார்கள். திரும்பி வந்து நன்றி சொல்பவர் ஒருவர் மட்டுமே, அவரும் யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரியர். அந்த ஒருவரிடம்தான், உன் நம்பிக்கை உனக்கு நலமளித்தது என்று இயேசு சொல்கிறார். நோய் நீங்கியது பத்துப் பேருக்கும், நம்பிக்கை என்ற சொல் கிடைத்தது நன்றி சொல்ல வந்தவருக்கு. எனவே நன்றியில் தொடங்கிய காரணத்தாலேயே உங்கள் செபம் பொய்யாகிவிடாது. ஆனால் அந்தச் சமாரியர் யாரிடம் திரும்பி வந்தார் என்பதையும் கவனியுங்கள். உங்கள் நன்றி இப்போதைக்குத் தையல் கடைப் பெண்ணிடம் போய் நிற்கிறதா, அவரையும் தாண்டிப் போகிறதா என்பதுதான் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி.

இங்கே ஒன்றைக் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அன்பு காட்டினார்கள் என்பது கிறிஸ்தவம் உண்மை என்பதற்குச் சான்று ஆகாது. அப்படிச் சான்றாகும் என்றால், காசிக்குப் போன தமிழ் யாத்திரிகர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இடமும் சோறும் கொடுத்துவரும் நகரத்தார் சத்திரம் சைவத்துக்குச் சான்றாக வேண்டும். உங்கள் மாமியாரைத் தூக்கி ஆம்புலன்சில் ஏற்ற ஓடி வந்தவர் இஸ்லாமியராக இருந்திருந்தால் நீங்கள் குர்ஆனைத் திறந்திருக்க வேண்டும். மனிதர்களிடம் உள்ள இரக்கத்துக்கு எந்த மதமும் தனிப்பட்டா வாங்கி வைத்திருக்கவில்லை. நற்செய்தியே இதை ஒப்புக்கொள்கிறது. இயேசு சொன்ன இன்னொரு கதையில், அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயம் கட்டி, சாவடிக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்ன சமாரியன், இயேசுவைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் வேற்று மதத்தான். கதையில் அவனும் மதம் மாறவில்லை, அடிபட்டவனையும் மாறச் சொல்லவில்லை.

அப்படியானால் அந்தப் பெண்ணின் அன்பு உங்களுக்குள் என்னதான் செய்தது? நான் பார்த்தவரையில், இப்படிப்பட்ட அன்பு ஒரு கேள்வியை எழுப்பிவிடுகிறது. பதிலை வேறிடத்தில்தான் தேட வேண்டும். யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண், ஊருக்குள் ஓடிப்போய் எல்லாரையும் அழைத்து வருகிறார். அவருடைய சொல்லைக் கேட்டு வந்த அதே ஊரார் இரண்டு நாள் கழித்து அவரிடமே, இனி நீ சொன்னதால் அல்ல, நாங்களே கேட்டதால் நம்புகிறோம் என்கிறார்கள். கேட்பதற்குக் கொஞ்சம் நன்றிகெட்ட பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் மறைக்கல்வி வகுப்பில் ஒருவர் எப்போது ஆயத்தமாகிறார் என்று கேட்டால் இந்த வசனத்தைத்தான் நான் காட்டுவேன். அழைத்து வந்தவர் நகர்ந்துகொண்ட பிறகும் நிற்கிற நம்பிக்கைதான் விசுவாசம்.

இதற்குப் பொருத்தமான, ஐயத்துக்கு இடமில்லாத வரலாற்றுச் சான்று பண்டித ரமாபாயின் வாழ்க்கை. வடமொழி சாத்திரங்களில் புலமை பெற்ற மராட்டிய பிராமணப் பெண் அவர். இங்கிலாந்து சென்றிருந்தபோது, இலண்டனின் ஃபுல்ஹம் பகுதியில், சமூகம் கைவிட்ட பெண்களை ஆங்கிலிக்கன் கன்னியர் சிலர் பராமரித்துவந்த இல்லத்தைப் பார்த்தார். இவர்கள்மீது இவ்வளவு அக்கறை எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, அக்கன்னியருள் ஒருவர் வாசித்துக் காட்டியது மேலே சொன்ன அதே சமாரியப் பெண்ணின் கதையை. 1883 செப்டம்பரில் ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார். உங்கள் கேள்விக்கு முக்கியமானது இதற்குப் பிறகு நடந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தம் சாட்சியை எழுதும்போது, அந்நாளில் தமக்குக் கிடைத்தது கிறிஸ்தவ மதமே தவிர கிறிஸ்து அல்லர் என்று அவரே சொல்கிறார். இடைப்பட்ட காலத்தில், தம்மை அன்போடு ஏற்றுக்கொண்ட கன்னியரோடேயே கோட்பாடுகள் பற்றிக் கடுமையாக வாதாடினார். பூனாவில் அவர்மீது விழுந்த பழிக்கும் குறைவில்லை. அன்பில் தொடங்கி, வாதத்தைக் கடந்து, சொந்த நம்பிக்கைக்கு வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகும் என்றோ ஆகாது என்றோ நான் சொல்லவில்லை, அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

சோதித்துப் பார்க்க ஒரு வழியும் சொல்கிறேன். அந்தப் பெண் நாளைக்கே உங்களிடம் முகம் கொடுக்காமல் போகிறார், அல்லது பணம் வாங்கித் திருப்பித் தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவும் நீங்கள் செபிப்பீர்களா? இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. ஒரு குருவின் கனிவைப் பார்த்து வகுப்புக்கு வந்தவர்கள், அவர் இடமாற்றமாகிப் போனதும் நின்றுவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். திருச்சபைக்குள் வந்தால் நீங்கள் பார்க்கப் போவது தையல் கடைப் பெண்களை மட்டும் அல்ல. சாதி பார்த்துப் பெண் கொடுக்கிற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், கல்லறையில்கூடச் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று காவல் நிலையம் வரை போன பங்குகளும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வருகிறவர்கள்தாம் தங்குகிறார்கள் என்பது என் அனுபவம். அன்பை மட்டும் பார்த்து வருகிறவர்களுக்கு முதல் கோயில் சண்டையிலேயே கசந்துவிடுகிறது.

இனி, பிளவுபட்ட இந்தக் காலத்தைப் பற்றி. அன்பு என்பது தூண்டில் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வருவது முழுப் பொய் என்று நான் சொல்லப் போவதில்லை. உதவியை ஆள் சேர்க்கும் கருவியாக்கிய கிறிஸ்தவர்கள் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். எத்தனை ஆன்மாக்களை ஆதாயப்படுத்தினோம் என்று மேடையில் கணக்குச் சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற ஏளனம் அப்போதே எழுந்தது, மிஷனரிகளுக்கும் அந்த ஐயம் இருந்தது. மழை பெய்த பிறகு திரும்பிப் போனவர்கள் உண்டு, நான்கு தலைமுறையாக நிலைத்தவர்களும் உண்டு. எனவே வந்த காரணத்தை மட்டும் பார்த்து, தங்குவார்களா மாட்டார்களா என்று சொல்லிவிட முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாட்டில் மட்டும் குழப்பம் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பரில் வெளியிட்ட மறைபரப்புப் பணி பற்றிய ஆணை, எவரையும் கட்டாயப்படுத்துவதையும் தகாத வழிகளில் கவர்ந்திழுப்பதையும் கண்டிப்பாகத் தடை செய்கிறது. மனம் மாற வருகிறவரின் நோக்கங்களை ஆராய்ந்து, தேவையானால் அவற்றைத் தூய்மைப்படுத்தவும் வேண்டும் என்கிறது. நீங்கள் இன்று உங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வியை உங்கள் பங்குக் குருவும் கேட்கக் கடமைப்பட்டவர். கேட்காமல் அடுத்த ஞாயிறே தண்ணீர் ஊற்றுகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

நம் பக்கத்து வரலாறு வாட்ஸ்அப் வரலாற்றைவிடச் சிக்கலானது. சருகணி தேவாலயத்துக்கு மருது சகோதரர்கள் மானியம் விட்டார்கள் என்று நம் பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதன் விவரங்கள் ஊருக்கு ஊர் மாறினாலும், இந்து ஆட்சியாளரின் ஆதரவை ஒரு கிறிஸ்தவ ஊர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது என்பது கண்கூடு. இன்னொரு பக்கம் ஓரியூர். அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று போர்த்துக்கீசியக் குருவான அருளானந்தர் தலை வெட்டப்பட்டு இறந்தார் என்பது உறுதியான வரலாறு. அவருடைய உபதேசியார் ஒருவர் வந்து செபித்ததால் மறவர் சீமையின் இளவரசர் தடியத் தேவரின் நோய் குணமாயிற்று என்பது கிறிஸ்தவ மரபு. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தடியத் தேவர் திருமுழுக்குப் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார் என்பதும், விலக்கப்பட்டவருள் ஒருவர் இராமநாதபுரம் அரசரான சேதுபதியின் உறவுப் பெண் என்பதும், அதிலிருந்தே அரச கோபம் மூண்டது என்பதும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவை. மறைசாட்சியை வணங்க ஓரியூருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணை நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஒருவருடைய மனமாற்றத்துக்கான விலையை வீட்டிலுள்ள வேறொருவர் கொடுக்க நேர்கிறது என்பது நம் மண்ணிலேயே நடந்த பாடம். உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் கேட்டதை அதனால்தான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இழை எடுப்பதைப் பற்றி. திருக்கார்த்திகைக்குப் பின் இருபத்தொன்றாம் நாள், இருபத்தொரு நூலிழைகளைத் திரித்து, இழைமாவில் பிடித்த பிள்ளையாரில் வைத்துச் சுடர் ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையிலிருந்து வாங்கி அந்தச் சுடரோடு விழுங்குகிற அந்த நோன்பு உங்களுக்குக் குடும்ப ஒற்றுமையின் அடையாளமாகவும் இருக்கிறது, வழிபாடாகவும் இருக்கிறது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். இது பழைய கேள்வி. மதுரைக்கு 1606-இல் வந்த தத்துவ போதகர் என்ற இத்தாலியக் குரு இராபர்ட் தெ நொபிலி, பூணூல், சந்தனம் போன்றவற்றைச் சமூக அடையாளங்கள் என்று கொண்டு, மனம் மாறியவர்களுக்கு அனுமதித்தார். சக குருக்களே எதிர்த்தார்கள். 1623-இல் ரோமாபுரி அவருக்குச் சாதகமாக முடிவு சொன்னது. ஆனால் பூணூலுக்குச் சொன்ன வாதம் இழைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து, ஏனென்றால் இழையில் பிள்ளையாரை முன்னிறுத்தி நேர்ந்துகொள்வது வெளிப்படையாகவே இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல், பிறர் வீட்டு விருந்தில் வைத்ததைக் கேள்வி கேட்காமல் உண்ணலாம் என்றும், இது படையல் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருடைய மனச்சான்றை முன்னிட்டு உண்ண வேண்டாம் என்றும் சொல்கிறார். திருமுழுக்குப் பெற்றபின் இழை எடுப்பது சரியல்ல என்றுதான் கத்தோலிக்கக் குருக்களில் பெரும்பாலோர் சொல்வார்கள், சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர்களும் ஏறக்குறைய அதையே சொல்வார்கள். பெந்தெகொஸ்தே சபையில் அந்த வீட்டில் உட்காரவே கூடாது என்பவர்களும் உண்டு. ஆனால் நீங்கள் இன்னும் திருமுழுக்குப் பெறவில்லை. எந்த வாக்கும் கொடுக்காத நிலையில், இந்த ஆண்டு பெரியவர் கையிலிருந்து இழையை வாங்க மறுத்து வீட்டைக் கலக்குவதற்கு எந்தத் தேவையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாவு இடிப்பதும், பங்காளிகளுக்குப் பரிமாறுவதும், படைப்பு வீட்டில் கூடமாட நின்று வேலை செய்வதும் திருமுழுக்குக்குப் பிறகும் உங்களுக்குத் தடையாகாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் நிலைமைக்கு வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டே ஆக வேண்டும். மதத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் இந்து திருமணச் சட்டப்படி, வாழ்க்கைத் துணை வேறு மதத்துக்கு மாறுவது மற்றவருக்கு விவாகரத்துக் கோரக் காரணமாகலாம். இந்துவாக இல்லாமல் போன மனைவிக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ்த் தனிக் குடியிருப்பும் ஜீவனாம்சமும் கோரும் உரிமை போய்விடுகிறது. மதம் மாறியவருடைய சொந்த வாரிசுரிமையை 1850-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றுகிறது. மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் கையில் வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு திகைத்தவர்களைச் சந்தித்திருப்பதால் சொல்கிறேன்.

கணவரிடம் திருமுழுக்குக்கு முன்பே சொல்லுங்கள், அதுவும் அவர் விடுப்பில் வந்திருக்கும்போது நேரில். நள்ளிரவு வீடியோ காலில் வேண்டாம், குழுவில் யாரோ எழுதியதற்குப் பதிலாக நிச்சயமாக வேண்டாம். முடிவெடுத்துவிட்டேன் என்று தொடங்காமல், அம்மாவைப் பார்த்துக்கொண்ட நாட்களில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு எதைப் படிக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை நான் ஊகிக்க மாட்டேன். கத்தோலிக்க முறையில் பெரியவர்களுக்கான ஆயத்தம் பல மாதங்கள் படிப்படியாக நடந்து, வழக்கமாக உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவு வழிபாட்டில் திருமுழுக்கு அளிக்கப்படுகிறது. எனவே அவருக்கும் யோசிக்க அவகாசம் இருக்கும்.

அந்தத் தையல் கடைப் பெண்ணிடம் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம், ஆனால் அவர் மகிழ்வதற்கு முன்னால் பயப்படலாம் என்பதை நினைவில் வையுங்கள். நோயாளி வீட்டுக்குள் நுழைந்து மதம் மாற்றிவிட்டார் என்று ஒரே ஒருவர் எழுதிப் போட்டால் போதும், அவருடைய கடைக்குத் துணி வருவது நின்றுபோகும், அதைவிட மோசமாகவும் ஆகலாம். உங்கள் பங்காளி வீடுகளில் பேச்சு எழும்போது, அவர் ஒருநாளும் மதம் பேசவில்லை என்பதையும் ஆச்சிக்குத் தேவாரம் போட்டுக் காட்டியவர் அவர்தான் என்பதையும் நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். எந்தச் சபையிலாவது மைக்கைக் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொன்னாலோ வீடியோ எடுக்க வந்தாலோ, அவருடைய பெயரையும் தெருவையும் சொல்லாதீர்கள். இங்கே எழுதிய கேள்வியிலும் அவர் இன்னார் என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்கள் இரண்டொன்று இருந்தன. நான் அவற்றை என் பதிலில் தவிர்த்துவிட்டேன், நீங்களும் திருத்திவிடுவது நல்லது.